கொள்ளு ரசம் ஆறுவதற்குள்

புனேயின் போபோடியில் நாங்கள் குடிவந்த வீட்டில் சாயங்காலம் முதலில் வந்து கதவைத் திறப்பவன் நான்தான். சாகணில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிப்ட். கம்பெனி பஸ் என்னைச் சிக்னலில் இறக்கிவிடும்போது இன்னும் வெளிச்சம் இருக்கும். என் மனைவிக்கு ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை. அந்த நெரிசலில் சிக்கி அவள் வந்து சேர்வதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. பொள்ளாச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு இதில் இன்னமும் கொஞ்சம் வருத்தம் உண்டு. எனக்கு அந்த நேரம் பிடிக்கும். பகலெல்லாம் இரும்புத் துண்டுகளை அளந்து, இது சரி, இது தப்பு என்று பிரித்துப் போடுகிறவன் நான். வீட்டுக்கு வந்து உப்பைக் கையால் அள்ளிப் போடும்போதுதான் தோள் இறங்கும்.

அந்த வீட்டைப் பிடித்ததற்குக் காரணமும் சமையலறைதான். மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் மேல்மாடி. கூடம் சின்னது, படுக்கையறை அதைவிடச் சின்னது. ஆனால் சமையலறையில் இரண்டு பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிடலாம். கறுப்புக் கடப்பாக்கல் மேடை, ரயில் பாதையைப் பார்த்த ஜன்னல், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு மர அலமாரி. இவ்வளவு நல்ல வீடு ஏன் வெகுநாள் காலியாகக் கிடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. புனேயின் மழை எங்கள் ஊர் மழை மாதிரி இடித்துக் கொட்டிவிட்டுப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் கதகதப்பாக உட்கார்ந்து சாப்பிடுவதைவிடப் பெரிய சுகம் எங்களுக்கு எதுவும் இல்லை. பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சாதம்தான் செய்வேன். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன வெங்காயத்தைப் பூண்டோடு வதக்கி, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் போட்டுவிட்டால், என் மனைவி படியேறும்போதே விசில் கேட்கும். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே அவள் தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள். ஆவி பறக்கும் சாதத்தின் நடுவில் குழி பண்ணி நான் நெய் விடுவேன். சுட்ட அப்பளத்தை அவள் கையாலேயே நொறுக்கிப் போட்டுக்கொள்வாள். பாதித் தட்டு காலியாகும்வரை இரண்டு பேரும் பேசமாட்டோம்.

பஸ் தாமதமாகி நானும் அப்போதுதான் வந்திருந்த ஒரு சாயங்காலம் அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

"ஏங்க, கொள்ளு வறுத்தீங்களா?"

"இல்லியே கண்ணு. இப்பத்தானே வந்தேன். அடுப்பே பத்த வெக்கல."

"வாசனை வருதுங்க. கொள்ளும் மொளகும்."

எனக்கும் வந்தது. அவள் சொல்வதற்கு முன்பே, கதவைத் திறந்த உடனே வந்தது. வெறும் சட்டியில் கொள்ளைப் போட்டு, அது வெடிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த மண்ணும் புகையும் கலந்த வாசனை. பக்கத்து வீட்டுச் சமையலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாடியில் எங்களைத் தவிர ஒரே ஒரு வீடுதான். அங்கே தனியாக இருந்தவர் அடுப்பு பற்றவைத்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு மதியம் சாப்பாட்டு டப்பா வரும். அதையே இரவுக்கும் வைத்துக்கொள்வார். பிறகு அந்த மர அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஈரக் காற்றில் பழைய மரம் தன்னுள் ஊறியதை எல்லாம் வெளியே விடுகிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நாங்கள் இரண்டு பேருமே அதை நம்பியதாக வைத்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுக்காரரை அந்தக் கட்டடமே காகா என்று அழைத்தது. மராட்டியில் சித்தப்பா முறை. கொங்கணத்துக்காரர், கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வெகுகாலம் முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகள், ஆகுர்டியில் குடும்பத்தோடு இருந்தாள். வீடுகளுக்கு முன்னால் ஓடும் கேலரியில் எதிர்ப்பட்டால் என்னைப் பார்த்து, "என்ன அண்ணா, டூட்டி முடிஞ்சுதா?" என்று தமிழில் கேட்பார். அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தமிழர்களாம். ஆனால் எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வார். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வந்ததில்லை. சங்கோசக்காரர் என்று விட்டுவிட்டோம்.

ஆடி அமாவாசை அன்று ஒரு வேடிக்கை நடந்தது. என் மனைவி கேலரியின் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடிச் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு திறந்து அவர் தலை நீட்டினார்.

"என்னையா கூப்பிட்டே, பேட்டா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காக்கைக்குச் சோறு வைப்பதை அவள் விளக்கத் தொடங்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தெரியும், தெரியும். டீச்சர்கூட இப்படித்தான் கூப்பிடும். நான் ஒவ்வொரு தடவையும் கதவு தொறப்பேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்திக்கொண்டார். அந்தச் சோற்றுப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

"எந்த டீச்சருங்க?" என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து அவளுக்குச் சளி பிடித்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மூக்கு சிவந்து, குரல் கட்டி, போர்வைக்குள்ளிருந்து மடிக்கணினியில் பேசிக்கொண்டிருந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கடையில் கொள்ளு வாங்கினேன். இங்கே குளித் என்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் நான் கொள்ளு சமைத்தது அதுதான் முதல் தடவை.

வறுத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் கொள்ளு எல்லாம் தட்டிப் போட்டு, புளியும் தக்காளியும் கரைத்து விட்டேன். நுரை கட்டி வரும்போது மின்சாரம் போய்விட்டது. வெளியே மழை. மெழுகுவர்த்தியைக் கூடத்தில் வைத்துவிட்டு, காற்றோட்டத்துக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தேன். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், வாசலில் காகா நின்றுகொண்டிருந்தார். பனியன், லுங்கி, வெறுங்கால். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

"அண்ணா, இது யார் பண்ணாங்க?"

"நாந்தான் காகா. உள்ள வாங்க."

"உள்ளே வேற யாரும் இருக்காங்களா?"

"நாங்க ரெண்டு பேருந்தான்."

அவர் வந்தார். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில், அது எப்போதும் தன்னுடையது என்பது போல நேராகப் போய் உட்கார்ந்தார். மனைவி தன் கிண்ணத்தை அவருக்குக் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது.

பிறகு அவர் சொன்னார். தமிழும் இந்தியும் கலந்து, நடுவில் மராட்டிக்குத் தாவி, திரும்பி வந்து சொன்னார்.

எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. திண்டுக்கல் பக்கம். கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குப் போகவில்லை. சாயங்காலம் ட்யூஷன் பிள்ளைகள் போனதும் காகா வந்து ஜன்னலோரம் உட்காருவார். டீச்சர் காபியோ, சுண்டலோ, ரசமோ கொடுப்பார். அவர் சாப்பிட்டுக்கொண்டே நாளெல்லாம் நடந்ததைச் சொல்வார். டீச்சர் சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்பார். அவர் தமிழில் தப்பு செய்தால் உள்ளேயிருந்தே திருத்துவார். அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று வாசல் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். பல வருஷம் இப்படி.

"அன்னிக்கு எனக்குச் சர்தி. மூக்கு ஒழுகுது. டீச்சர் இதுதான் கொடுத்துது. கொள்ளு ரசம். கொடுத்துட்டு உள்ளே போச்சு. நான் தண்ணி வர்ற டைம் மாத்திட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். மோட்டார் பத்திச் சொல்றேன். செக்ரெட்டரி பத்திச் சொல்றேன். டீச்சர் பேசலே. நான் என்ன நினைச்சேன்? சரி, டீச்சர் ஒத்துக்கிச்சு. அப்படி நினைச்சேன்."

அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பேசி முடித்து, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கலாம் என்று எழுந்து உள்ளே போனபோது, மேடைக்கும் மர அலமாரிக்கும் நடுவில் டீச்சர் தரையில் கிடந்திருக்கிறார். மூச்சு இல்லை.

"நான் ஆள் இல்லாத இடத்துக்குப் பேசிக்கிட்டு இருந்தேன், அண்ணா" என்றார்.

மின்சாரம் வந்தது. கூடத்தில் விளக்கு எரிந்ததும் அவர் கூசியவர் போல எழுந்தார். கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்தார். அதில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

அவர் போன பிறகு என் மனைவி ரசம் குடிக்கவில்லை. நானும் குடிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். நிகடியில் இருந்தார். "இதயம் நின்றுபோனது, அதற்கு வீடு என்ன செய்யும்? மனுஷர்கள் வீட்டில்தானே சாவார்கள்?" என்று இந்தியில் கேட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவள் தனியாகச் சமையலறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கேட்டாள். சாப்பாட்டைக் கூடத்துக்கு மாற்றினோம். சாகண் பக்கமே வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். ஒன்றும் அமையவில்லை.

இதற்கு நடுவில் காகா வரத் தொடங்கினார்.

முதல் நாள் வாசலில் நின்று, "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன், நடக்குமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிறகு வாரத்தில் பல நாட்கள் வந்தார். நான் டீ போட்டுக் கொடுப்பேன். வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். ஆடை படிந்து, முழுக்க ஆறி, பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் எடுத்துக் குடிப்பார். சூடாகக் குடியுங்கள் என்றால், "பழக்கம் போச்சு" என்பார். நான் சமையலறையில் நறுக்கிக்கொண்டும் கிளறிக்கொண்டும் இருப்பேன். அவர் கூடத்திலிருந்து பேசுவார். லோக்கல் ரயில் தாமதம், மகள் போன் செய்தது, கீழ்வீட்டு நாய். ஒரு விஷயம் சொல்லிவிட்டு நிறுத்துவார். நான் "ம்" என்பேன். மறுபடி தொடங்குவார்.

ஒரு நாள் என் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்.

"அவரு நம்மகிட்டப் பேசலீங்க."

"பின்ன?"

"நான் எதுத்தாப்பலதானே உக்காந்திருக்கறேன். என்னைய ஒரு தடவ பாக்கலீங்க. சமையக்கட்டு வாசலப் பாத்துப் பேசறாரு. நீங்க 'ம்'ங்கறதுக்கு முன்னாலயே சிரிச்சுக்கறாரு. யாரோ பதில் சொன்ன மாதிரி."

அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாகச் சமைக்க முடியவில்லை. அவர் குரல் முதுகில் வந்து விழும்போதெல்லாம், அது என்னைத் தாண்டி எனக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரிடம் போவது போல இருந்தது. வெங்காயம் வதங்கும்போது கொஞ்சம் ஒதுங்கி நின்றேன், இடம் விடுகிறவன் போல. ஒரு நாள் ரசத்தில் உப்பு பார்த்துவிட்டு, போதுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நாட்களில் என் கைப்பக்குவம் மாறியிருந்தது. நான் எப்போதும் மிளகு அதிகமாகப் போடுகிறவன். அது குறைந்து சீரகம் ஏறியிருந்தது. காகாதான் ஒரு நாள் சொன்னார், "இப்போ சரியா வருது" என்று.

செப்டம்பரில், மழை பின்வாங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம் அது நடந்தது. மனைவி இன்னும் வரவில்லை. காகா கூடத்தில் இருந்தார். நான் மறுநாளைக்காகக் கொள்ளை முறத்தில் போட்டுக் கல் பொறுக்க உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் மேடைக்கும் அலமாரிக்கும் நடுவில்தான். நான் யோசிக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல் பொறுக்கும்போது மனம் எங்கேயோ போய்விடும். அன்று தொழிற்சாலையில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் 'ம்' சொல்லவில்லை.

"அண்ணா" என்று ஒரு குரல். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "டீச்சர்" என்று இன்னொரு குரல். அது அவர் குரல்தான், ஆனால் நான் அதுவரை கேட்காத குரல். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் அவர் சமையலறை வாசற்படியில் நின்றார். இத்தனை நாட்களில் அவர் ஒரு தடவைகூடத் தாண்டாத படி அது.

என்னைத் தரையில் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். தாண்டி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். முறம் கவிழ்ந்து கொள்ளு தரையெல்லாம் ஓடியது.

"ஒண்ணும் இல்ல காகா. கல்லுதான் பொறுக்கிட்டு இருக்கேன். இங்க பாருங்க, ஒண்ணும் இல்ல."

"எழுந்திரு. அங்கே உட்காராதே. எழுந்திரு நீ."

எழுந்தேன். அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கொஞ்சம் நிதானம் வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பின் குமிழைத் தொட்டார். அது அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை திருகிச் சரிபார்த்தார்.

"டீச்சர் கேஸ் அணைச்சிட்டுத்தான் விழுந்துது" என்றார். "நான் வந்து பார்த்தப்போ அடுப்பு அணைஞ்சிருக்கு. மதலப், அப்படின்னா, அதுக்குத் தெரிஞ்சிருக்கு, என்னமோ ஆகுதுன்னு. அடுப்பு அணைக்க டைம் இருந்துது. என்னைக் கூப்பிட டைம் இல்லையா? ஒரு வார்த்தை. நான் அங்கேதானே இருந்தேன். ஏன் கூப்பிடலே?"

தரையில் குனிந்து கொள்ளை அள்ளத் தொடங்கினேன். அவரும் குனிந்தார். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். தலையைத் தூக்காமலே அவர் கேட்டார்.

"என் கையிலே கிண்ணம் இருந்துது, அண்ணா. டீச்சரைப் பார்க்கும்போது அது இன்னும் சூடா இருந்துது. அப்போ ரொம்ப நேரம் ஆகலே, இல்லையா? நீ இன்ஜினியர். நீ சொல்லு."

"ஆகல காகா" என்றேன். "சூடா இருந்துதுன்னா ரொம்ப நேரம் ஆகியிருக்காது."

பிறகு வேறொரு நாள், அவருக்கும் என் மனைவிக்கும் தெரியாமல், நான் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொதிக்கும் ரசத்தை ஊற்றி, கையில் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நாங்கள் கொள்ளைப் பொறுக்கி முடிக்கும் முன்பே என் மனைவி வந்துவிட்டாள். கூடத்தில் விழுந்து கிடந்த நாற்காலி, சமையலறைத் தரையில் இரண்டு ஆண்கள். கைப்பையைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். காகாவின் கேள்வியையும் சொன்னேன். அவள் கைப்பையைக் கழற்றி வைத்தாள். பிறகு உள்ளே வந்து, அந்த இடத்திலேயே, அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கூப்புட்டிருந்தாங்கன்னா நீங்க பேச்ச நிறுத்தியிருப்பீங்க காகா" என்றாள். "ஒருவேள அவங்களுக்கு அந்தப் பேச்சு கேட்டுட்டு இருக்கோணும்னு இருந்திருக்கும்."

அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. "தெரியாது பேட்டா" என்றார். "இது எப்பவும் தெரியாது." பிறகு, அன்று ராத்திரி என்ன சமையல் என்று கேட்டார். இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றேன். "இரு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய், ஒரு டப்பாவோடு திரும்பி வந்தார். அதில் குளித் மாவு இருந்தது. அவர் ஊரில் மழைக்காலம் முழுக்க இதுதான் சாப்பாடாம். மகள் அரைத்துக் கொடுத்தது பல மாதமாகத் திறக்காமல் கிடந்திருக்கிறது.

எங்கள் அடுப்பில் அவரே சட்டியை வைத்தார். எண்ணெயில் கடுகு, நசுக்கிய பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம். தண்ணீரில் கரைத்த மாவை விட்டுக் கட்டி தட்டாமல் கிண்டினார். புளிப்புக்கு இரண்டு கோகம் தோல் போட்டார். பிட்லா என்று அவர் சொன்ன அந்தக் குழம்பு கொதித்துச் சட்டியில் பொத்துப் பொத்தென்று வெடித்தது. என் மனைவி சாதம் வடித்தாள். அந்த வீட்டில் அவள் வடித்த முதல் சாதம். சமையலறைத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் போல நீர்க்க இல்லாமல், களி போலக் கெட்டியாகவும் இல்லாமல், சாதத்தில் ஊற்றினால் மெல்லப் பரவியது. கொள்ளுதான், ஆனால் எங்களுக்குத் தெரியாத கொள்ளு. காகா ஆறட்டும் என்று வைத்திருக்கவில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டு, உஸ் உஸ் என்று ஊதி ஊதிச் சாப்பிட்டார். இடையில் ஒரு முறை நிறுத்தி ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். நானும் கேட்டேன். ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வீடு மாற்றும் பேச்சை நாங்கள் பிறகு எடுக்கவில்லை.

அந்தத் தீபாவளி முடிந்து மகள் வந்து காகாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனாள். முழங்கால் அவரைப் படியேற விடவில்லை. போகிற அன்று எங்கள் வீட்டுக்குள் வந்து ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது சமையலறையைப் பார்த்து, மராட்டியில், "வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஆகுர்டிக்குப் போனோம். பெரிய ஃப்ளாஸ்க்கில் கொள்ளு ரசம் எடுத்துப் போயிருந்தோம். மகள் வீட்டில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். பேரக்குழந்தைகள் டிவி பார்த்தார்கள். காகா இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. ரசத்தைக் குடித்து, பூண்டு கொஞ்சம் தூக்கல் என்றார். சாகண் பற்றி, என் ஷிப்ட் பற்றி, வீட்டுக்காரர் பற்றி எல்லாம் விசாரித்தார். கிளம்பும்போது எங்களோடு லிப்ட் வரை நடந்து வந்தார். மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் குரலைத் தணித்து என் மனைவியிடம் கேட்டார்.

"டீச்சர் எப்படி இருக்குது?"

நான் திகைத்துப்போய் நின்றேன். அவருக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று அவர் கண்களைப் பார்த்தேன். தடுமாற்றம் ஒன்றும் இல்லை. என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டார்.

"நல்லா இருக்காங்க காகா" என்றாள் என் மனைவி.

அவர் தலையை ஆட்டினார். லிப்ட் கதவு மூடியது.

லோக்கல் ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பிம்ப்ரி தாண்டும்வரை நான் பொறுத்துப் பார்த்தேன்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன்."

"அவரு மனசு ஆறட்டும்னுதானே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தாபோடி பாலத்தில் ரயில் ஏறியது. கீழே ஆறு கலங்கி, கரை தொட்டு ஓடியது.

"அதுக்கில்லீங்க" என்றாள்.

கட்கியில் இறங்கியபோது மழை வலுத்துவிட்டது. ஒரே குடையில் நடந்தோம். கட்டடத்தின் வாசலுக்கு வந்ததும் அவள் என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "நீங்க பால் வாங்கிட்டு வாங்க, நான் போய் அடுப்பப் பத்த வெக்கறேன்" என்று இருட்டுப் படிகளில் முன்னால் ஏறிப் போனாள்.

பால் வாங்கிக்கொண்டு, குடையை உதறி மடக்கி, நான் மேலே போனபோது கதவு திறந்திருந்தது. சமையலறையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஆகுர்டிக்குப் போய் வந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், காகா இளைத்திருப்பதை, ரசத்தில் பூண்டு தூக்கல் என்று அவர் சொன்னதை. நடுநடுவே நிறுத்தினாள். அவள் அம்மாவோடு போனில் பேசுகிறாளாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் பேசுவது வழக்கம்தான். பால் பாக்கெட்டைக் கூடத்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தம் போடாமல் கைகால் கழுவப் போனேன்.